எந்த ஊரு?

மதுரையில் இருந்த 30 ஆண்டுகளும் காலையில் பேப்பரை விரித்ததும் என் கண் தேடியது வைகை அணை நீர்மட்டத்தைத்தான். 71 அடி கொள்ளும் அணை 30 அடிக்குக் கீழே இறங்கினால் தெருவில் குடங்கள் வரிசை கட்டும். 60 அடியைத் தாண்டினால் வீட்டில் எல்லோர் முகமும் தெளியும். எங்கள் குழாயில் வந்தது அந்தத் தண்ணீர். ஆனாலும் அத்தனை ஆண்டுகளில் அணைக்கு இரண்டு தடவைதான் போயிருப்பேன். பிள்ளைகள் பூங்காவில் ஊஞ்சலாடினார்கள், பொரித்த மீன் வாங்கித் தின்றோம், இருட்டுமுன் பஸ் ஏறிவிட்டோம்.

பணி ஓய்வு பெற்றதும் அணையின் நீர்ப்பரப்புக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அமைதி வேண்டும் என்றுதான் வந்தோம். வந்ததோ ஆனி மாதம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை ஊற்றும். இந்தப் பக்கம் காற்று மட்டும்தான் இறங்கி வரும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். ஓடுகள் தடதடத்தன. கொடியில் போட்ட வேட்டி அடுத்த தெருவில் கிடந்தது. சோற்றில் மண் நெறுநெறுத்தது. முதல் வாரம் முழுக்கத் தூக்கமில்லை. மனைவி ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். “ஆடி போகட்டும் சார், அடங்கிரும்” என்றார் டீக்கடைக்காரர்.

அடங்கியது. ஆவணியில் ஒரு விடியற்காலை, பரிசலில் வலை எடுப்பவர்கள் பேசிக்கொள்வது எங்கள் திண்ணை வரை கேட்டது. வலையில் ஜிலேபி மீன் எத்தனை கிலோ தேறும், யார் மகனுக்கு எங்கே பெண் பார்த்திருக்கிறார்கள், எல்லாம். தண்ணீர்மேல் குரல் அவ்வளவு தூரம் வழுக்கிக்கொண்டு வருமென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த விடியலுக்காக எந்த வீட்டையும் விட்டு வரலாம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் இங்கே யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “எந்த ஊரு?” இந்த ஊர்தான் என்று சொல்லிப் பார்த்தேன். “அது சரி, சொந்த ஊரு?” என்று பொறுமையாகக் கேட்டார்கள்.

அடுத்த வீட்டு ஆத்தாவிடம் நான் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். அவர் கையை நீட்டித் தண்ணீரைக் காட்டினார். “அங்கனதேன். நான் கைப்புள்ளையா இருந்தப்ப வீட்டப் பிரிச்சு வண்டில ஏத்துனாகளாம். எங்கய்யா இந்த நிலைய மட்டும் விடமாட்டேன்னு கழட்டிக்கிட்டு வந்துச்சு.” அவர் சாய்ந்து நின்ற வாசல் நிலை அந்த ஊருடையது. தலைமுறை தலைமுறையாகக் கை பட்டுப்பட்டு ஓரங்கள் மழுங்கியிருந்தன.

1959 ஜனவரி 21 அன்று காமராஜர் இந்த அணையைத் திறந்துவைத்தார். அதற்கு முன்பே இதன் பரப்பிலிருந்த ஊர்கள் காலி செய்யப்பட்டுவிட்டன. வைரமுத்துவின் குடும்பமும் அப்படி மேட்டூர் என்ற கிராமத்தை விட்டு வடுகபட்டிக்குப் போனதுதான். அந்த இழப்பை அவர் ‘கள்ளிக்காட்டு இதிகாச’மாக எழுதினார், 2003-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மதுரையில் இருந்தபோதே படித்தேன், அழுதேன். அழுது முடித்து எழுந்துபோய்க் குழாயைத் திறந்து முகம் கழுவியிருப்பேன். அது என்ன தண்ணீர் என்று அப்போது தோன்றவில்லை.

நகரத்தை விட்டு வருகிற எங்களைப் போன்றவர்கள் விட்டுவந்ததைப் பற்றியே பேசுகிறோம். இரைச்சல், புகை, நெரிசல். போய்ச் சேருகிற இடம் யாரும் இல்லாமல் நமக்காகக் காத்துக் கிடந்தது போல நினைப்பு. நான் ஆசைப்பட்டுக் குடிவந்தேன். இவர்கள் எழுப்பப்பட்டு வந்தவர்கள். பரிசல்காரர்களின் பேச்சு வழுக்கி வருகிற அந்தப் பரப்பின் அடியில் ஆத்தாவின் களத்துமேடு இருக்கிறது. இதற்காக நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு திரும்பிப் போவதில் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. ஆனால் இந்த ஊரோடு எனக்குள்ள பற்றுவரவு வீட்டுக்கு முன்பணம் கொடுத்த அன்று தொடங்கவில்லை. அது 30 ஆண்டுக் கணக்கு. தெரியாமலே இருந்துவிட்டேன் என்பதுதான் உறுத்துகிறது.

கார்த்திகையில் நல்ல மழை. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் ஆற்றங்கரை ஊர்களுக்கு முதல் எச்சரிக்கையாகச் சங்கு ஊதினார்கள். பேப்பரில் வாசித்துப் பழகிய எண்ணை முதல் தடவையாகக் காதால் கேட்டேன். ஆத்தா முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் பார்த்தபடி கேட்டார்:

“மதுரையில ஒங்க வீட்டுக்கு இந்தத் தண்ணிதேன வந்துச்சு தம்பி?”

“ஆமா ஆத்தா.”

“நல்லா வருமா?”

“நல்லா வந்துச்சு ஆத்தா. பிள்ளைகளை வளர்த்ததே அதுலதான்.”

“அப்பச் சரி” என்றார். முறத்தை எடுத்து மறுபடி புடைக்க ஆரம்பித்தார்.