அறிந்த பின் விற்பவன் பொறுப்பு

ஒருவன் அறியாமல் ஒரு சரக்கை விற்கிறான். வாங்கியவனுக்கு அதனால் கெடுதி உண்டாகிறது. விற்றவன் மேல் குற்றம் இல்லை என்றே நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். அதே சரக்கின் கெடுதியை நன்றாக அறிந்த பிறகும் விற்கிறான்; சட்டமும் அதற்கு இடம் தருகிறது. அப்போது அவன் மேல் பொறுப்பு உண்டா, இல்லையா? வியாபாரிகளாகிய நாம் தட்டிக் கழிக்க முடியாத கேள்வி இது. ஏனெனில் நம் சகோதரர்கள் பலருடைய கடைகளில் சிகரெட்டும் ஒரு சரக்கு.

அந்த அறிவு உலகத்திற்கு எப்படி வந்தது என்பதை முதலில் பார்ப்போம். அதைக் கொண்டு வந்தவர்களுள் ஒருவர் பேராசிரியரோ பெரிய உத்தியோகஸ்தரோ அல்லர். படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். எர்ன்ஸ்ட் வைண்டர் 1922-ல் ஜெர்மனியில் பிறந்தவர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிக் குடும்பத்தோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே ஸெயிண்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் வைத்தியம் படிக்கும் நாளில், நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஒருவரின் பிரேத பரிசோதனையைக் கண்டார். இறந்தவர் ஓயாமல் சிகரெட் பிடித்தவர் என்று தெரிந்தது. இவர் ஒருவர் மட்டும்தானா, இந்நோய் கண்ட மற்றவர்களும் இப்படித்தானா என்ற கேள்வி மாணவரைப் பிடித்துக்கொண்டது.

அவர் எவார்ட்ஸ் கிரேஹாம் என்ற ஆசிரியரிடம் போனார். கிரேஹாம் 1933-ல் புற்றுநோய் கண்ட நுரையீரல் ஒன்றை முழுவதும் அகற்றி நோயாளியைப் பிழைக்க வைத்துப் புகழ் பெற்ற அறுவை வைத்தியர். அவரே சிகரெட்டில் மிகுந்த பிரியம் உள்ளவர். சிகரெட் விற்பனை கூடியதால் நோய் கூடியது என்றால், நைலான் காலுறை விற்பனையும்தான் கூடியிருக்கிறது என்று சொன்னவர் அவர். ஆயினும் மாணவரைத் தடுக்கவில்லை. நோயாளிகளை விசாரிக்க வழி செய்து கொடுத்தார்.

விசாரித்த முறையை நம் தொழிலை வைத்தே விளக்கலாம். கிட்டங்கியில் சில அரிசி மூட்டைகள் கெட்டுவிட்டன. கெட்டவற்றுள் பெரும்பாலானவை சுவரோரம் இருந்தவை. சுவரின் ஈரம்தான் காரணம் என்று உடனே சொல்லிவிடலாமா? கூடாது. கெடாத மூட்டைகளில் எத்தனை சுவரோரம் இருந்தன என்றும் எண்ண வேண்டும். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் உண்மை தெரியும். வைண்டர் செய்தது இதுவே. நுரையீரல் புற்றுநோய் கண்டவர்களையும், அந்நோய் இல்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களையும் புகைப் பழக்கத்தைப் பற்றி விசாரித்துக் கணக்கெடுத்தார்.

1950 மே மாதத்தில் மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து அந்தக் கணக்கை வெளியிட்டார்கள். நோய் கண்ட 605 ஆண்களில் 100-க்கு 96.5 பேர் பல ஆண்டுகளாகக் கணிசமாகவோ மிக அதிகமாகவோ புகைத்தவர்கள். புற்றுநோய் இல்லாத ஆண்களில் அப்படிப்பட்டவர்கள் 100-க்கு 73.7 பேர். அந்நாளில் புகைக்காத ஆணைக் காண்பதே அரிதாயிருந்ததால்தான் காரணம் கண்ணுக்கு எதிரே இருந்தும் தெரியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இருவர், நோய் கண்ட 709 பேரையும் அந்நோய் இல்லாத 709 பேரையும் ஒப்பிட்டு அதே முடிவைச் சொன்னார்கள்.

கிரேஹாம் தமது பெயரையும் பழக்கத்தையும் பார்க்காமல் மாணவரின் கணக்குக்குத் தலை வணங்கினார். சிகரெட்டையும் விட்டார். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1957-ல் அதே நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். கணக்கு சரியாயிருந்தால் கணக்குப்பிள்ளையின் வயதைப் பார்க்கலாகாது என்பதற்கு இவரைவிட வேறு சான்று வேண்டுமா? சிகரெட் கம்பெனிகளோ 1954 ஜனவரியில் 400-க்கு மேற்பட்ட பத்திரிகைகளில் விளம்பரம் செய்து, ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை என்றன. உண்மை முன்னால் வந்தபோது ஒருவர் பணிந்தார். மற்றவர்கள் சந்தேகத்தை விலைக்கு விற்றார்கள்.

இனி, நாம் சொல்லும் சமாதானங்களைப் பார்ப்போம்.

"எங்கள் பாட்டனார் எண்பது வயது வரை சுருட்டுப் பிடித்தார்" என்போம். பத்திரமில்லாமல் கடன் கொடுத்து ஒருவரிடம் பணம் திரும்பி வந்துவிட்டால், பத்திரமே வேண்டாம் என்று தீர்மானிப்போமா? டாலும் ஹில்லும் 1951-ல் தொடங்கிய ஆராய்ச்சியில் 34,439 ஆண் டாக்டர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஐம்பது ஆண்டுக் கணக்கு 2004-ல் வெளியாயிற்று. விடாமல் புகைத்தவர் சராசரி பத்து ஆண்டு முன்னதாக இறந்தார். அறுபது வயதில் விட்டவருக்கு அதில் மூன்று ஆண்டும், ஐம்பதில் விட்டவருக்கு ஆறும், நாற்பதில் விட்டவருக்கு ஒன்பதும் திரும்பக் கிடைத்தன. ஒரு பாட்டனாரை இத்தனை பேருக்கு எதிரே நிறுத்துவது நியாயமல்ல.

"வாங்குகிறவன் அறிந்தேதான் வாங்குகிறான்" என்போம். பெட்டியிலே படம் போட்டிருப்பது உண்மைதான். ஆனால் இளவயதில் தொடங்கி, பின்னர் விட நினைத்தும் விட முடியாமல் வருகிறவர் எத்தனை பேர்! அவருடைய சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது.

"நாம் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரர் விற்பார்" என்போம். அடுத்தவருடைய செயல் அவருடைய கணக்கில் ஏறும். நம் பேரேட்டில் ஏறாது.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது வேறொன்று. இந்தக் கணக்கு எத்தனை பேர் என்று சொல்லுமே தவிர, யார் என்று சொல்லாது. பெயர் தெரியாததால் நம் மனம் உறங்குகிறது. கடைக்கு முன்னே ஐந்தடியில் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது. யார் விழுவார் என்று நமக்குத் தெரியாது. யாரோ ஒருவர் விழுவார் என்று தெரியும். தெரிந்தும் மூடாமல் விட்டவனை ஊர் மன்னிக்குமா? பெயர் அறியாதவருக்கு நேரும் கெடுதியும் கெடுதியே.

ஆகவே நம் அபிப்பிராயம் இது. சட்டம் தருவது அனுமதி, நற்சான்று அல்ல. சிங்கப்பூரில் 2017 முதல் சிகரெட்டைக் கடையில் பார்வைக்கு வைக்கக்கூடாது. 2021 முதல் 21 வயது நிரம்பாதவர்க்கு விற்கக்கூடாது. மலேசியாவில் 2024 அக்டோபர் முதல் தனிச் சட்டமே அமலில் உள்ளது. 18 வயதுக்குக் குறைந்தவர்க்கு விற்பது அங்கே குற்றம். இவற்றைக் கண்டிப்பாய்க் கைக்கொள்வது முதற்படி. பையன் அப்பாவுக்கு என்று கேட்டாலும் கொடுக்காதிருப்போம். கெடுதி இல்லை என்று எவருக்கும் சொல்லாதிருப்போம். சிகரெட்டில் வரும் லாபம் எவ்வளவு என்று தனியே எழுதிப் பார்த்து, வேறு சரக்கால் அதை ஈடுசெய்ய முடிந்தவர்கள் அலமாரியைக் காலி செய்துவிடுவது மேல். முடியாதவர்கள் அந்த நாளை நோக்கி ஆண்டுதோறும் குறைத்து வரலாம். சிறு கடையின் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் கஷ்டம் காலக்கெடு கேட்கலாம். விடுதலை கேட்க முடியாது.

இன்னும் ஒன்று. பல்கலைக் கழக மாணவர் எவரேனும் கேள்வித் தாளோடு நம் கடைக்கு வந்தால், வியாபாரத்தைக் கெடுக்க வந்தவர் என்று முகம் சுளிக்க வேண்டாம். ஸெயிண்ட் லூயிஸ் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள் தங்களுக்கு ஒரு பலனும் இல்லை என்று தெரிந்தும் உண்மையைச் சொன்னார்கள். அந்தப் பெயர் தெரியாதவர்களின் வாய்மொழி நம் கைக்கு வந்த அமானிதம். அதற்குத் துரோகம் செய்யாமல் உண்மையைச் சொல்வதும், சொன்ன உண்மையின்படி கடையை நடத்துவதும் நம் கடன்.