தாமதித்த கப்பல்கள்

ஊழியத்திற்கென்று புறப்பட்டவனுக்குக் கதவுகள் எல்லாம் திறந்தே இருக்கும் என்று எண்ணுவது எளிது. அப்போஸ்தலனாகிய பவுலின் பயணங்கள் அவ்வாறு அமையவில்லை. ரோமாபுரிக்குச் செல்லப் பலமுறை விரும்பியும் அவர் தடைபட்டார். செசரியாவில் இரண்டு வருடம் காவலில் இருந்தார். தேசாதிபதியாகிய பேலிக்ஸ் அவரிடம் பணம் எதிர்பார்த்ததை வேதம் மறைக்கவில்லை. தாமதத்தின் காரணம் எப்போதும் பரிசுத்தமானதாக இருப்பதில்லை. அதிகாரியின் பேராசையும் காற்றின் திசையும் வராத விசாவும்கூட ஊழியரை நிறுத்திவைக்கும். நிறுத்தப்பட்ட இடத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதே கேள்வி.

அமெரிக்க மிஷனெரியாகிய அதோனிராம் ஜட்சன் 1812ஆம் ஆண்டு மனைவி ஆன் அம்மையாருடன் கல்கத்தாவில் வந்திறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை வெளியேறும்படி உத்தரவிட்டது. மொரீஷியஸ் தீவுக்குப் போய், 1813 ஜூனில் சென்னைக்கு வந்தார்கள். அவர்கள் நாடியது பினாங்கு. துறைமுகத்தில் கிடைத்ததோ இரங்கூனுக்குப் போகும் கப்பல். இவ்விதமாகவே அவர்கள் பர்மாவை அடைந்தார்கள்.

அகராதி இல்லை, சொற்களுக்கு இடைவெளி விடாமல் எழுதப்படும் மொழி. மணிக்கணக்காக ஆசிரியரோடு அமர்ந்து கற்றார். ஆண்டுகள் கடந்தும் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. பர்மிய மொழி அறிந்த உள்நாட்டு விசுவாசி ஒருவரைத் துணைக்கு அழைத்துவரலாம் என்று கருதி, 1817 டிசம்பரில் சிட்டகாங்குக்குக் கப்பலேறினார். மூன்று மாதத்தில் திரும்புவதாகத் திட்டம்.

திட்டம் தகுதியானதே. காற்றோ எதிராயிற்று. கப்பல் சிட்டகாங்கை அடைய முடியாமல் சென்னையை நோக்கித் திரும்பியது. அதையும் எட்டாமல் வாரக்கணக்கில் கடலில் அலைந்தது. உணவு குறைந்தது, காய்ச்சல் அவரை வாட்டியது. முடிவில் மசூலிப்பட்டணத்தில் இறங்கி, ஏறத்தாழ 300 மைல் தரைவழியே சென்னை வந்தார். இரங்கூனுக்குக் கப்பல் கிடைக்க ஜூலை மாதம் ஆயிற்று. தேடிப்போன துணையாளும் கிடைக்கவில்லை.

மிஷனெரிமாரின் பொறுமையைப் பேசுகிறவர்கள் வீட்டில் காத்திருந்தவர்களின் பொறுமையை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆன் அம்மையாருக்கு அப்போது வயது 28. கணவர் ஏறிய கப்பல் சிட்டகாங்கை அடையவே இல்லை என்ற செய்தி மட்டும் வந்தது. நகரில் காலரா பரவியது. யுத்தம் வருமென்ற வதந்தியும் எழுந்தது. உடன் ஊழியர் அரசு விசாரணைக்கு அழைக்கப்பட்டு அலைக்கழிக்கப்பட்டபோது, அம்மையாரே விண்ணப்பம் ஏந்தி ஆளுநர் முன் நின்று அதை நிறுத்தினார். அந்த ஊழியர் குடும்பத்தோடு வங்காளத்துக்குப் புறப்பட்டபோது, அவரும் மனமில்லாமல் கப்பலேறினார். ஆற்று முகத்துவாரத்தை அடையுமுன் கப்பல் பழுதென்று தெரிந்து நிறுத்தப்பட்டது. அவர் இறங்கி, தனியே மிஷன் வீட்டுக்குத் திரும்பிப் பாடப் புத்தகத்தை மறுபடியும் திறந்தார். சில வாரங்களில், 1818 ஆகஸ்டில், ஜட்சன் வந்து சேர்ந்தார். அம்மையார் கப்பலிலேயே இருந்திருந்தால் பூட்டிய வீட்டையே கண்டிருப்பார்!

இது சும்மா இருத்தல் அன்று. சோம்பலுக்கும் பொறுமை என்று பெயரிடுகிறவர்கள் உண்டு; ஜட்சன் தம்பதியர் அவர்களுக்குத் துணைநிற்க மாட்டார்கள். 1819 ஏப்ரலில் சாலையோரம் ‘ஸயாத்’ என்னும் மண்டபத்தைத் திறந்து, வழிப்போக்கரோடு உரையாடத் தொடங்கினார் ஜட்சன். ஜூன் 27ஆம் தேதி மௌங் நாவ் என்பவர் ஞானஸ்நானம் பெற்றார். இரங்கூனில் இறங்கி ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதன்பின் ஜட்சனும் சோர்ந்தார். 1820 ஜனவரியில் பர்மிய அரசரிடம் மதச் சுதந்தரம் கேட்டார்; மறுக்கப்பட்டது. சிட்டகாங்குக்கே போய்விடலாம் என்று தம்மோடிருந்த மூன்று விசுவாசிகளிடம் சொன்னார். துன்பம் வந்தால் அதைச் சுமக்கப்போகிறவர்கள் அவர்களே. ஆனால் அவர்கள், எட்டு அல்லது பத்துப் பேராகும் வரையாவது இருங்கள், பிறகு போகலாம் என்று மன்றாடினார்கள். காத்திருப்பதை மிஷனெரிக்கு அவருடைய சீஷர்களே கற்றுக்கொடுத்தார்கள். ஜட்சன் தங்கினார். ஆன் அம்மையாரின் உடல்நலத்துக்காக அவ்வாண்டு ஜூலையில் இருவரும் வங்காளத்துக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே பத்தாவது நபர், ஒரு பர்மியப் பெண்மணி, ஞானஸ்நானம் பெற்றிருந்தார்.