தெரியாத குறைக்கும் பொறுப்பு உண்டா?

விற்கும் பொருளில் குறை இருந்தால் அதை வாங்குபவரிடம் எடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்பது நம்மில் சிறு பிள்ளைகளும் அறிந்த மார்க்கச் சட்டம். குறையைத் தெரிந்தும் மறைத்து விற்பது பாவம் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால், குறை இருக்கிறதா இல்லையா என்பது விற்பவருக்கே தெரியாதபோது என்ன செய்வது? அதிலும், தெரிந்துகொள்ள வழியிருந்தும் அவர் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டால், "எனக்குத் தெரியாது" என்ற ஒரு சொல் அவரை அல்லாஹ்வின் சந்நிதியில் காப்பாற்றிவிடுமா? இம்மாதம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டது இந்தக் கேள்விதான்.

இது ஏட்டுக் கேள்வி அன்று. மின்சாரத்தால் ஓடும் கார்கள் பெருகி, அவை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் பழைய காராக மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. பழைய பெட்ரோல் காரை வாங்கப் போகிறவர் என்ஜின் சத்தத்தைக் கேட்பார், புகையைப் பார்ப்பார், தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிப் போவார். மின்சாரக் காரிலோ உயிர்நாடி முழுவதும் அடித்தட்டில் மூடி வைக்கப்பட்டிருக்கும் பேட்டரியில் அடங்கியிருக்கிறது. அதனுள் இருக்கும் குறையைக் கண்ணால் காணவும் முடியாது, காதால் கேட்கவும் முடியாது. விற்பவர், வாங்குபவர் இருவருமே அந்த விஷயத்தில் குருடர்கள்தாம்.

அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2016ஆம் ஆண்டின் இறுதியில் ஷெவர்லே போல்ட் என்ற மின்சாரக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு முறை சார்ஜ் செய்தால் 383 கிலோமீட்டர் ஓடக்கூடியது என்பதால் நடுத்தரக் குடும்பத்தார் விரும்பி வாங்கினார்கள். ஆனால் நிறுத்தி வைத்திருந்த சில கார்கள் தாமாகவே தீப்பற்றின. 2020 நவம்பரில் கம்பெனி ஏறத்தாழ 68,000 கார்களைத் திரும்ப அழைத்தது. திரும்ப அழைப்பது என்றால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வது அன்று. பாதுகாப்புக் குறைபாடு இருப்பதை அறிவித்து, இலவசமாகச் சரிசெய்து கொடுப்பது.

முதலில் செய்த பரிகாரம் போதவில்லை. சரிசெய்யப்பட்டதாகச் சொல்லப்பட்ட கார்களிலும் தீ மூண்டது. 2021 ஜூலையில் அவற்றை மீண்டும் அழைத்தார்கள். அடுத்த மாதமே அதுவரை செய்த போல்ட் கார்கள் அனைத்தும், மொத்தம் சுமார் 1,42,000, அந்த அழைப்புக்குள் வந்தன. காரணமும் வெளிப்பட்டது. பேட்டரிக்குள் இருக்கும் சிறு கலங்கள் சிலவற்றில் எதிர்மின் முனையின் பட்டை கிழிந்திருந்தது. அதே கலத்தில் இரு முனைகளையும் பிரித்து வைக்கும் மெல்லிய சவ்வும் மடிந்திருந்தது. இவ்விரு பழுதுகளும் ஒரே கலத்தில் சேர்ந்தால் நெருப்புப் பிடிக்கலாம். கலங்களைச் செய்து கொடுத்த தென்கொரியாவின் எல்ஜி கம்பெனி, ஆன செலவில் 190 கோடி டாலர் வரை ஏற்றுக்கொள்ள 2021 அக்டோபரில் ஒப்புக்கொண்டது.

பேட்டரி மாற்றப்படும் வரை உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகள் கவனிக்கத் தக்கவை. 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள்; 113 கிலோமீட்டர் ஓடுவதற்கான மின்சாரம் மீதியிருக்கும்போதே மீண்டும் சார்ஜ் செய்யுங்கள்; சார்ஜ் செய்தவுடன் வெளியில் நிறுத்துங்கள்; இரவு முழுவதும் வீட்டுக்குள் சார்ஜ் செய்யாதீர்கள். பொது இடங்களில் மற்ற வண்டிகளிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிறுத்தும்படியும் பிறகு சொல்லப்பட்டது.

இப்படிப்பட்ட காரை, பேட்டரி மாற்றப்படாத நிலையில், ஒருவர் மற்றொருவருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மத்தியச் சட்டம் என்ன சொல்கிறது? திரும்ப அழைக்கப்பட்ட புதிய காரைச் சரிசெய்யாமல் டீலர் விற்கக் கூடாது. 2016ஆம் ஆண்டு முதல் வாடகைக்கார்க் கம்பெனிகளுக்கும் இதுபோன்ற தடை உண்டு. பழைய காரை விற்பவருக்கோ அத்தகைய தடை அச்சட்டத்தில் இல்லை. பழைய கார் விற்கும் டீலர் "உள்ளது உள்ளபடி, உத்தரவாதம் இல்லை" என்று கண்ணாடியில் ஒட்டி விற்பதும் பல மாநிலங்களில் செல்லும். ஆக, வாய் திறக்காமல் விற்பவரை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. மார்க்கம் என்ன சொல்கிறது என்பதே நமக்கு வேண்டியது.

விற்பவர் பொதுவாகச் சொல்லும் சமாதானங்கள் நான்கு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: "குறை என்னால் வந்ததன்று, செய்தவன் செய்த பிழை." நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட வரலாற்றை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். வியாபாரி சொன்ன பதில் என்ன? மழை பெய்து நனைந்துவிட்டது என்பதுதான். அவர் தண்ணீர் ஊற்றவில்லை, வானம் ஊற்றியது. அப்படியிருந்தும் பெருமானார் (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். குறை எங்கிருந்து வந்தது என்பது கேள்வியே அன்று. மழை வானத்திலிருந்து வந்தது. கிழிந்த பட்டை தொழிற்சாலையிலிருந்து வந்தது. மறைப்பது மட்டும் விற்பவரிடமிருந்து வருகிறது.

இரண்டாவது: "ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த கார்களில் எரிந்தவை மிகச் சில. என் கார் எரியும் என்று எப்படிச் சொல்வது?" எரியும் என்று சொல்ல வேண்டாம், எரியக்கூடும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொன்னால் போதும். வியாபாரிகளின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்குமோ அதுவே குறை என்று ஃபிக்ஹு கிதாபுகள் இலக்கணம் கூறுகின்றன. முழுதாகச் சார்ஜ் செய்யக் கூடாது, இரவில் வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் செய்யக் கூடாது, பிற வண்டிகளின் அருகில் நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனைகள் எரிந்த கார்களுக்கு மட்டுமா வந்தன? எரியாத கார்கள் அனைத்துக்கும் வந்தன. எனவே நெருப்பு சில கார்களில்தான் இருந்தது. குறையோ எல்லாக் கார்களிலும் இருந்தது.

மூன்றாவது: "உள்ளது உள்ளபடி என்று சொல்லித்தானே விற்றேன்?" இது நம் இமாம்கள் ஆழ்ந்து ஆராய்ந்த மஸ்அலா. எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை என்று நிபந்தனையிட்டு விற்றால், அந்த நிபந்தனை செல்லும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபிலோ, உயிர்ப்பிராணியின் உள்ளே மறைந்திருந்து, விற்பவருக்கும் தெரியாதிருந்த குறைக்கு மட்டுமே அந்த நிபந்தனை பயன்படும்; மற்றவற்றுக்குப் பயன்படாது என்பதே வலுவான சொல். சட்டத்தில் இப்படி வேறுபாடு இருந்தாலும், தெரிந்த குறையை மறைப்பது ஆகாது என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றே. பொருளைத் திருப்பித் தரும் உரிமையை நிபந்தனை நீக்கலாம். மறைத்த பாவத்தை எந்த நிபந்தனையும் நீக்காது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நிபந்தனை என்பது விற்பவரும் வாங்குபவரும் செய்துகொள்வது. அந்தக் கார் நிற்கும் கொட்டகைக்கு மேல் அறையில் உறங்கும் குழந்தை அதில் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவில்லை. காலணாப் பெறாத குறையாக இருந்தால் அது இருவருக்கிடையே உள்ள பண விவகாரம். உயிருக்கு ஆபத்தான குறை பிறர் ஹக்கைத் தொடுகிறது. பிறர் ஹக்கை விட்டுக்கொடுக்க வாங்குபவருக்கே அதிகாரம் இல்லை என்றால், விற்பவருக்கு அது எங்கிருந்து வரும்?

நான்காவது சமாதானமே நம் தலைப்பு: "எனக்குத் தெரியாது." இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாவம் வேறு, பொறுப்பு வேறு. உண்மையிலேயே தெரியாமல் விற்றவர்மீது மறைத்த பாவம் இல்லை. ஆனால் குறை விற்பனைக்கு முன்பே பொருளில் இருந்தது என்று தெரியவந்தால், நிபந்தனை எதுவும் இல்லாதபோது, பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. விற்றவருக்குத் தெரிந்திருந்ததா என்று அங்கே கேட்கப்படுவதில்லை. தெரியாத குறைக்கும் பொறுப்பு உண்டு என்பதே இதன் பொருள்.

அப்படியானால் தெரிந்துகொள்ளாமலே இருந்தவர் எந்தப் பக்கம் சேர்வார்? இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் முவத்தாவில் பதிந்திருக்கும் ஒரு வழக்கு இதற்கு வெளிச்சம் தருகிறது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள், குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையுடன் ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். அவருக்கு நோய் இருப்பதைச் சொல்லவில்லை என்று வாங்கியவர் முறையிட்டார். வழக்கு கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் வந்தது. விற்றபோது எந்த நோயையும் தாம் அறிந்திருக்கவில்லை என்று சத்தியம் செய்யுமாறு கலீஃபா தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து அவரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நோய் நீங்கிய பின் 1,500 திர்ஹத்துக்கு விற்றார்கள். அத்துணைப் பேணுதல் மிக்க ஸஹாபி அவர்கள். சத்தியத்தின் பாரத்தை ஏற்பதைவிட நஷ்டத்தை ஏற்பது அவர்களுக்கு எளிதாகப்பட்டது.

இந்தத் தீர்ப்பு நிபந்தனையின் வாசகத்தைப் பார்க்கவில்லை. உள்ளத்தில் இருந்த அறிவைப் பார்த்தது. ஒவ்வொரு விற்பவரும் தம்மைத்தாமே அந்த நீதிமன்றத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஓர் அடையாள எண் உண்டு. அதைக் கொடுத்து, திரும்ப அழைக்கப்பட்டும் சரிசெய்யப்படாமல் இருக்கிறதா என்று அரசாங்கத்தின் பதிவில் யாரும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். சில நிமிட வேலை. கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமல் எறிந்தவர், பார்த்தால் விலை குறைந்துவிடும் என்று பார்க்காமல் இருந்தவர், "தெரியாது" என்று சத்தியம் செய்தால் சொல்லளவில் அது உண்மையாக இருக்கலாம். "தெரிந்துகொள்ள வழியில்லை" என்று அவரால் சத்தியம் செய்ய முடியுமா? கண்ணை மூடிக்கொண்டது அவர் கைதானே? விலை குறையும் என்ற அச்சத்தால் பார்க்காமல் இருந்தவர், பார்த்தால் என்ன இருக்கும் என்பதைப் பாதி அறிந்தவர்தாம். அல்லாஹுத் தஆலா அந்தப் பாதியையும் அறிந்தவன்.

தெரிந்தவர் விற்பவர் மட்டுமல்லர். தரகருக்குத் தெரியும், காரைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக்குக்குத் தெரியும். வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் முன்னிலையில் ஒருவர் 300 திர்ஹத்துக்கு ஓர் ஒட்டகை வாங்கிப் போனார். கவனம் பிசகி நின்ற வாஸிலா (ரலி) அவர்கள் பின்னாலேயே ஓடி, இறைச்சிக்கா, சவாரிக்கா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றதும், அதன் குளம்பில் துளை இருப்பதைத் தாம் கண்டதாகவும், அது தொடர்ந்து நடக்காது என்றும் சொன்னார்கள். வாங்கியவர் திரும்பி வர, விற்றவர் 100 திர்ஹம் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் நொந்துகொண்டார். குறையை அறிந்தவர் அதைச் சொல்லாதிருப்பது ஆகாது என்ற நபிமொழியை வாஸிலா (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். அவர்கள் விற்றவரும் அல்லர், வாங்கியவரும் அல்லர், அறிந்தவர். அந்த அறிவே அவர்கள்மீது அமானிதமாயிற்று.

வாங்குபவருக்கும் ஒரு சொல். திரும்ப அழைக்கப்பட்ட போல்ட் கார்களில் பல, புதிய பேட்டரியும் அதற்கு எட்டு ஆண்டு உத்தரவாதமும் பெற்றன. 2017 முதல் 2019 வரையிலான கார்களுக்கு முன்னதைவிடக் கொள்ளளவு கூடிய பேட்டரியே கிடைத்தது. பேட்டரிக்காகவே அஞ்சப்பட்ட கார், பேட்டரிக்காகவே மதிப்புக் கூடிய காராக மாறியது. விவரம் அறியாத ஒருவர் பயந்து அதை அடிமாட்டு விலைக்குக் கொடுக்க வரும்போது, விவரம் அறிந்து வாங்குபவர் வாய்மூடி நிற்பது சரியா? ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், 300 திர்ஹத்துக்குப் பேசிய குதிரை அதைவிட மதிப்புள்ளது என்று கண்டு, தாமாகவே விலையை ஏற்றி 800 கொடுத்தார்கள். அந்த உயரம் எல்லோருக்கும் எட்டாது. ஆயினும் எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்பது விளங்குகிறது.

இது அமெரிக்காவோடு நின்றுவிட்ட விஷயமும் அன்று. 2022 மார்ச்சில் நம் வேலூரில், இரவில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அடுத்த மாதமே அந்தக் கம்பெனி 3,215 ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்தது. அப்படி அழைக்கப்படும் வண்டிகளும் நாளை கைமாறும்.

ஆகவே மின்சார வண்டியை விற்க நினைப்பவர், திரும்ப அழைப்பு ஏதும் உண்டா என்று முதலில் விசாரிக்கட்டும். இருந்தால் சரிசெய்துவிட்டு விற்கட்டும்; முடியாவிட்டால் வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லட்டும். சரிசெய்தாயிற்று என்றால் எப்போது, என்ன செய்தார்கள் என்ற காகிதத்தையும் கையில் கொடுக்கட்டும். சரிசெய்த கார்களும் எரிந்ததை மேலே கண்டோம். இதனால் சில ஆயிரம் குறையலாம். உண்மை சொல்லிக் குறையை வெளிப்படுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்திருக்கிறார்கள். குறைந்த பணத்தில் பரக்கத்தும் நிறைந்த பணத்தில் அழிவும் இருக்கக்கூடும் என்பதை நம்புகிறவன்தானே முஃமின்!

நாம் அறிந்ததை மறைக்காமலும், அறிய வேண்டியதை அறியாமல் தட்டிக் கழிக்காமலும் வாழ, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.