வீடும் தலைமுறைகளும்: பிரித்தானியா எழுப்பும் ஓர் அறவினா

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றையும் மனிதனின் அடிப்படைத் தேவைகளென ஒருசேரக் கூறுதல் மரபு. எனினும் இம்மூன்றும் ஒரே தன்மையன அல்ல. உணவையும் உடையையும் உழைப்பினாற் பெருக்கிக் கொள்ளலாம். உறையுளோ நிலத்தின்மீது நிற்பது. நிலம் எவராலும் ஆக்கப்படாதது. வேண்டியபோது பெருக்க முடியாதது. முன்வந்தோர் இடம்விட்டாலன்றிப் பின்வருவோர்க்குக் கிட்டாதது. இதனால் வீடு பற்றிய பிரச்சினை ஒரு கட்டத்திற் பொருளியலின் எல்லையைக் கடந்து, ஒரு தலைமுறை மற்றொரு தலைமுறைக்கு யாது கடமைப்பட்டுள்ளது என்னும் அறவியல் வினாவாக மாறிவிடுகின்றது. இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்துள்ள நாடுகளுள் பிரித்தானியாவும் ஒன்றாகும்.

அங்கு இளையோர் முதியோர்மீது சுமத்தும் குற்றச்சாட்டும், முதியோர் அதற்கு அளிக்கும் மறுமொழியும் நன்கறியப்பட்டவை. மலிவாக வீடு வாங்கியோர் விலையேற்றத்தாற் செல்வராகிவிட்டனர், பின்வந்தோருக்கு வாடகையை மட்டுமே விட்டுவைத்தனர் என்பது ஒரு பக்கத்து வாதம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய வீடு அது, இளையோரும் அவ்வாறே செய்யலாம் என்பது மறுபக்கத்து வாதம். இவற்றுள் எது நியாயமானது எனத் துணிவதற்கு முன்னர், இந்நிலை தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் வேண்டும்.

முதலாம் உலக யுத்தம் முடிந்ததும், போரிலிருந்து மீண்ட வீரருக்குத் தகுந்த வீடுகள் அமைத்துத் தரப்படும் என லொயிட் ஜோர்ஜ் வாக்களித்தார். 1919 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம், அரசாங்க மானியத்துடன் வீடு கட்டும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. 1945 இற் பதவியேற்ற தொழிற் கட்சி அரசாங்கத்தில் வீடமைப்புக்குப் பொறுப்பாயிருந்த அனூரின் பெவன், மன்ற வீடுகள் தரத்திற் குறையாதனவாகவும் பல தரத்து மக்களும் கலந்து வாழ்வதற்கு உரியனவாகவும் அமைய வேண்டுமென வற்புறுத்தினார். 1951 இல் ஆட்சிக்கு வந்த பழைமைவாதக் கட்சியும் இம்முயற்சியைக் கைவிடவில்லை. ஆண்டொன்றுக்கு 3 இலட்சம் வீடுகள் என்னும் இலக்கை அதன் வீடமைப்பு அமைச்சர் ஹரோல்ட் மக்மிலன் 1953 இல் எய்தினார். 1968 இல் ஐக்கிய இராச்சியத்தில் 4 இலட்சத்துக்கும் அதிகமான வீடுகள் கட்டி முடிக்கப்பட்டன. இன்று முதியோராக உள்ள தலைமுறை பிறந்து வளர்ந்தது இச்சூழலிலேயாகும். அவர்தம் பெற்றோர், யுத்தத்தாற் களைத்தும் கடனில் ஆழ்ந்தும் கிடந்த ஒரு நாட்டில், தமக்கெனவன்றித் தமக்குப் பின் வருவோருக்கெனவும் கட்டினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1980 இல் இப்போக்கு திசைமாறியது. மார்கிரட் தட்சர் அரசாங்கம் அவ்வாண்டில் நிறைவேற்றிய வீடமைப்புச் சட்டம், மன்ற வீடுகளில் வாடகைக்கு இருந்தோருக்கு அவ்வீடுகளை வாங்கும் உரிமையை வழங்கியது. குடியிருந்த காலத்திற்கேற்பச் சந்தை விலையில் 33 வீதம் தொடக்கம் 50 வீதம் வரை கழிவும் அளிக்கப்பட்டது. பரம்பரை பரம்பரையாக வாடகைக் குடிகளாயிருந்த உழைக்கும் குடும்பங்கள் பல முதன்முறையாகச் சொத்துடையன ஆயின. அவை அடைந்த பெருமிதத்தைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆனால் விற்கப்பட்ட வீடுகளுக்கு ஈடாகப் புதியன கட்டப்படவில்லை. விற்பனையாற் கிடைத்த பணத்தை மன்றங்கள் விரும்பியவாறு செலவிடவும் அனுமதிக்கப்படவில்லை. காலப்போக்கில் இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 20 இலட்சம் மன்ற வீடுகள் இவ்வாறு கைமாறின. 1988 ஆம் ஆண்டுச் சட்டம் புதிய தனியார் வாடகை ஒப்பந்தங்களை வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்ததுடன், காரணம் எதுவும் காட்டாமல் இரண்டு மாத அறிவித்தலுடன் குடியிருப்போரை வெளியேற்றவும் வழிசெய்தது. இங்கிலாந்தில் இவ்வேற்பாட்டை ஒழிக்கும் சட்டம் 2025 இலேயே நிறைவேறியது. இரு தலைமுறைகளின் வரிப்பணத்தாற் பொதுச் சொத்தாகத் திரண்டது, பின்வந்த ஒரு தலைமுறையினரின் தனிச்சொத்தாகப் பிரிந்துபோயிற்று எனலாம்.

இதன் விளைவைச் சில எண்கள் தெளிவுறுத்தும். 1997 இல் இங்கிலாந்தில் வீட்டு விலையின் இடையப் பெறுமதி, முழுநேர ஊழியரின் ஆண்டு வருமானத்தின் இடையப் பெறுமதியைப் போல் 3.5 மடங்காக இருந்தது. 2021 இல் அது 9 மடங்கை எட்டியது. பின்னர் ஓரளவு தணிந்தபோதும் 2024 இல் 7 மடங்குக்கு மேலாகவே நின்றது. நடுத்தர வருமானம் பெறும் 25 முதல் 34 வயதுக்குட்பட்டோருள், 1995-96 இல் 65 வீதத்தினர் சொந்த வீடு உடையோராயிருந்தனர். 2015-16 இல் அவ்வாறிருந்தோர் 27 வீதத்தினரே. ஒரே வகைத் தொழிலைச் செய்து, ஒரே அளவு சிக்கனமாக வாழ்ந்த இருவருள் ஒருவர் வீடுடையவராகவும் மற்றவர் வாடகைக் குடியாகவும் அமைந்தமைக்கு, அவர்கள் பிறந்த ஆண்டே பெருங் காரணமாயிற்று.

இப்பிளவு அரசியலிலும் பிரதிபலித்தது. 2016 ஆம் ஆண்டுச் சர்வசன வாக்கெடுப்பில் 24 வயதுக்குட்பட்டோருட் பெரும்பாலோர் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கவும், 65 வயதைக் கடந்தோருட் பெரும்பாலோர் வெளியேறவும் வாக்களித்தனர். ஒருவர் எக்கட்சிக்கு வாக்களிப்பார் என்பதைத் தொழிலைக் கொண்டு ஊகித்த காலம் போய், வயதைக் கொண்டு ஊகிக்கும் நிலை தோன்றியது. 2019 பொதுத் தேர்தலின் பின்னர் யூகவ் நிறுவனம் நடத்திய ஆய்வில், 39 வயதுக்கு மேற்பட்டோர் தொழிற் கட்சியைவிடப் பழைமைவாதக் கட்சிக்கே மிகுதியாக வாக்களித்தமை புலனாயிற்று. 2024 இல் அக்கட்சி படுதோல்வியுற்றபோதும், 70 வயதைக் கடந்தோரிடையே அதுவே முன்னணியில் நின்றது. ஆட்சியாளரும் இக்கணக்கை அறியாதவரல்லர். விலைவாசி, சம்பளம், 2.5 வீதம் ஆகிய மூன்றுள் எது கூடியதோ அதற்கேற்ப அரச ஓய்வூதியத்தை உயர்த்துவதென 2010 இற் பதவியேற்ற கூட்டரசாங்கம் உறுதியளித்தது. அதே அரசாங்கமே 2012 இல் இங்கிலாந்தின் பல்கலைக்கழகக் கட்டணத்தின் உச்ச எல்லையை ஆண்டுக்கு 9,000 பவுண் ஆக்கியது. முதியோர் தவறாது வாக்களிப்பவர். இளையோரோ வாடகை வீடு மாறுந்தோறும் வாக்காளர் இடாப்பிலிருந்தும் விடுபட்டுப் போகின்றவர். வீடின்மை இவ்வாறு குரலின்மையாகவும் ஆகின்றது.

இனி, முதியோர் தரப்பு நியாயத்தையும் செவிமடுத்தல் வேண்டும். அவர்கள் எளிதாக வாங்கினர் என்பது முழு உண்மையன்று. 1989 இல் இங்கிலாந்து வங்கியின் வட்டி வீதம் 15 வரை உயர்ந்தது. ஈட்டுக்கடன் தவணையைச் செலுத்த இயலாது, 1991 ஆம் ஆண்டில் மட்டும் 75,000 இற்கும் அதிகமான குடும்பங்கள் வீடிழந்தன. இரண்டாவது வேலை பார்த்தும் தளபாடமின்றி வெறுந் தரையிற் குடித்தனம் தொடங்கியும் தவணை கட்டியவர் பலர். வீட்டு விலையை உயர்த்த அவர்கள் கூடிச் சதி செய்யவுமில்லை. சட்டம் அனுமதித்ததை வாங்கினர், வாங்கியதிற் குடியிருந்தனர். தனிமனிதரென்ற வகையில் அவர்களைக் குற்றவாளிகளெனக் கூறுதல் அறமாகாது.

எனினும், குற்றமின்மையால் மட்டும் கடமையின்மை பெறப்படுமா? இதுவே வினாவின் மையமாகும். தவணையாகக் கட்டிய பணம் ஒருவரின் உழைப்பு. அதற்குரிய பயன் அவருக்கே உரியது. ஆனால் வீட்டின் விலை பன்மடங்கு ஏறியமை அவரது உழைப்பாலன்று. அருகில் அமைந்த புகையிரத நிலையம், பாடசாலை, பெருகிய மக்கள்தொகை, 2009 மார்ச்சில் 0.5 வீதமாகத் தாழ்ந்த வட்டி, கட்டப்படாது விடப்பட்ட வீடுகள் ஆகியனவே அதனை ஏற்றின. நிலவுடைமையாளர் உழைக்காமலும் துணிந்து முதலிடாமலும் உறக்கத்திலேயே செல்வராகின்றனர் என்னும் கருத்தை ஜோன் ஸ்ருவட் மில் 1848 இலேயே வெளியிட்டார். அன்று பிரபுக்களைக் குறித்துக் கூறப்பட்டது, பிற்காலத்திற் சாதாரண தெருவொன்றின் சாதாரண குடும்பங்களுக்கும் பொருந்துவதாயிற்று. சமூகம் முழுவதும் சேர்ந்து ஆக்கிய பயன் தற்செயலாக ஒருவர் கையில் தங்குமாயின், அவர் அதனைத் திருடியவராகார். ஆயினும் அது முற்றிலும் தன்னுடையதே என அவர் கூறவும் இயலாது. பழியும் கடனும் வெவ்வேறானவை. பழியில்லாதவருக்கும் கடன் உண்டு.

அன்றியும், முதியோரின் பங்கு முற்றிலும் தற்செயலானது எனவும் கூறிவிட முடியாது. 1947 ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டத்தின்பின், நிலமுடையவரும் அனுமதி பெற்றே கட்ட வேண்டியவராயினர். இயற்கையையும் ஊரழகையும் பேணுதற்கு அச்சட்டம் ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் புதிய வீடமைப்புத் திட்டமொன்று முன்வைக்கப்படும்போது அதனை எதிர்க்கக் கூட்டத்துக்கு வருபவர் ஏற்கனவே அவ்வூரில் வீடுடையவர். அத்திட்டத்தால் வீடு பெறவிருப்பவரோ இன்னும் அவ்வூரார் அல்லர். ஆதலின் அவருக்கு அக்கூட்டத்தில் இருக்கையில்லை. தான் ஏறி வந்த ஏணியைத் தள்ளிவிடும் எண்ணம் எதிர்ப்போருட் பலருக்கு இராது. எனினும் ஏணி விழுந்தே விடுகின்றது.

இவ்விடத்தில் இளையோரின் வாதத்திலுள்ள குறையொன்றையும் சுட்டுதல் வேண்டும். தலைமுறை என்பது ஒரு வர்க்கமன்று. இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் இன்றும் வாடகை வீடுகளிலேயே வாழ்கின்றனர். விலையேற்றத்தின் பயன் அவர்களைச் சேரவில்லை. மறுபுறத்தில், வீடு வாங்கும் இளையோருட் பலருக்கு முற்பணத்தைக் கொடுத்துதவுபவர் பெற்றோரே. எனவே முதியோரிடம் குவிந்த செல்வம் முதியோரிடமே நின்றுவிடுவதில்லை. அது கீழிறங்குகின்றது, ஆனால் குருதிவழியே மட்டும் இறங்குகின்றது. வீடுடையவரின் மகள் வீடுடையவளாவாள். வாடகைக் குடியின் மகள் வாடகைக் குடியாகவே இருப்பாள். இன்று வயதுகளுக்கிடையிலான பிளவாகத் தோன்றுவது, நாளை அதே வயதினரிடையே வர்க்கப் பிளவாக வெளிப்படும். சட்டமும் இதற்குத் துணைநிற்கின்றது. 2017 இல் நடைமுறைக்கு வந்து 2020 இல் முழுமைபெற்ற ஏற்பாட்டின்படி, ஒரு தம்பதியர் தம் வீட்டை நேர்வழி வாரிசுகளுக்கு விட்டுச்செல்வாராயின், 10 இலட்சம் பவுண் வரையான சொத்து மரபுரிமை வரியின்றிக் கைமாறலாம். அதே 2017 இல், முதியோர் தம் வீடுகளிற் பெறும் பராமரிப்புக்கான செலவைக் கணிக்கும்போது வீட்டின் பெறுமதியையும் சேர்ப்பதெனத் தெரேசா மே தமது தேர்தல் விஞ்ஞாபனத்தில் முன்மொழிந்தார். எழுந்த எதிர்ப்பினால் நான்கு நாட்களுக்குள் அம்முன்மொழிவைத் திருத்த நேர்ந்தது. பிள்ளைகளுக்கென வைத்த வீட்டை எவரும் தொடலாகாது என்பதில் அங்கு பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றுபட்டு நின்றனர்.

தன் பிள்ளைக்கு உதவுதல் அன்பு. அதனை எவரும் பழிக்கார். ஆனால் அன்பு நீதியின் இடத்தை நிரப்பமாட்டாது. தந்தையொருவர் தன் மகனுக்கு முற்பணம் கொடுப்பதன் மூலம், தன் தலைமுறை அடுத்த தலைமுறைக்குப் பட்ட கடனைத் தீர்த்தவராவதில்லை. அவர் பெற்ற பயன் ஊராரின் பொது முயற்சியால் விளைந்தது. அதன் கைம்மாறு ஊரார் பிள்ளைகளையும் சென்றடைதல் வேண்டும்.

இக்கருத்து பிரித்தானியச் சிந்தனைக்குப் புதியதன்று. சமூகம் என்பது வாழ்வோர், மறைந்தோர், பிறக்கவிருப்போர் ஆகிய முத்திறத்தாரின் கூட்டுறவு என எட்மண்ட் பேர்க் 1790 இல் எழுதினார். அவர் அதிலிருந்து மரபுரிமையைப் பேணும் கடப்பாட்டைப் பெற்றார். அவருடன் வாதிட்ட தோமஸ் பெயின் 1797 இல் வேறொரு முடிவை முன்வைத்தார். பூமி இயல்பில் எல்லாருக்கும் பொதுவாதலின், நிலத்தை உடைமையாக்கிக் கொண்டோர் ஏனையோருக்குக் கடன்பட்டவர். ஆகவே மரபுரிமைச் சொத்திலிருந்து ஒரு பங்கைத் திரட்டி, 21 வயதை அடையும் ஒவ்வொருவருக்கும் 15 பவுணும், 50 வயதைக் கடந்தோருக்கு ஆண்டுதோறும் 10 பவுணும் வழங்குதல் வேண்டும் என்றார். இளையோரையும் முதியோரையும் எதிரெதிரே நிறுத்தாது, இரு சாராருக்கும் ஒரே நிதியிலிருந்து உரிமை கண்டமையே அவரது சிறப்பு. முதியோருக்கான பாதி பிற்காலத்தில் ஓய்வூதியமாக நிலைபெற்றது. இளையோருக்கான பாதியோ வேரூன்றவில்லை. 2002 செப்ரெம்பர் முதல் பிறந்த குழந்தைகளின் பெயரில் அரசாங்கம் வைப்பிட்ட சிறுதொகை நிதித் திட்டமும், 2011 சனவரியின் பின் பிறந்தோருக்கு நிறுத்தப்பட்டது.

தாம் எத்தலைமுறையைச் சேர்ந்தவர் என்பதை அறியாத நிலையில் மனிதர் கூடித் தீர்மானிப்பாராயின், தலைமுறைகளுக்கிடையில் எத்தகைய நியதியை ஏற்பர் என ஜோன் றோல்ஸ் 1971 இல் வினவினார். இவ்வினாவைப் பிரித்தானியாவின் வீட்டுப் பிரச்சினைக்குப் பொருத்திப் பார்க்கலாம். 1950 இற் பிறப்போமா 1995 இற் பிறப்போமா, வீடுடையவர்க்குப் பிறப்போமா வாடகைக் குடிக்குப் பிறப்போமா என அறியாத ஒருவர், 1991 ஆம் ஆண்டு விலைமதிப்பைக் கொண்டே இன்றும் வீட்டுக்கு உள்ளூர் வரி அறவிடும் முறையை ஏற்பாரா? பொது வீடுகளை விற்று, ஈடாக எதனையும் கட்டாதிருப்பதற்கு இணங்குவாரா? இணங்கார் என்பதே நேர்மையான விடையாகும்.

2024 இற் பதவியேற்ற தொழிற் கட்சி அரசாங்கம், தனது பதவிக் காலத்தில் இங்கிலாந்தில் 15 இலட்சம் வீடுகள் கட்டப்படும் என வாக்களித்தது. கட்டுதல் அவசியமே. ஆனால் எண்ணிக்கை மட்டும் அறவினாவைத் தீர்க்காது. அவை யாருக்காகக் கட்டப்படுகின்றன, அவற்றால் எழும் நிலப்பெறுமதி யாரைச் சேர்கின்றது என்பனவும் வினவப்படல் வேண்டும். 1945 இன் தலைமுறை செல்வத்தாற் பெரியதன்று. முகமறியாப் பிள்ளைகளையும் தன் பிள்ளைகளாகக் கொண்டமையாலேயே அது பெரியது. அதன் பிள்ளைகளிடம் இன்று கேட்கப்படுவது மன்னிப்பன்று; தாம் பெற்றதைப் போன்றதொரு கொடையே. அதனைக் கேட்கும் இளையோரும், தம் பெற்றோரின் வீடு ஒருநாள் தம் கைக்கு வரும்போது, இதே வினா தம்மை நோக்கித் திரும்பும் என்பதை மறத்தலாகாது.