சொல் காத்த கணக்கு

ராஜாங்கங்கள் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும் வாக்கைப் பற்றி நம்மில் பெரும்பாலோருக்கு ஒரே அபிப்பிராயம்தான். அது தண்ணீரில் எழுதிய எழுத்து என்கிறோம். எங்கள் திருவண்ணாமலையில், தேரடித் தெருவில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிற எவரையாவது கேட்டுப் பாருங்கள். "வேண்டும்போது கட்டிக்கொள்வான், வேண்டாதபோது கைவிட்டுவிடுவான். இதிலே ஒப்பந்தம் என்ன, உடன்படிக்கை என்ன?" என்றுதான் பதில் வரும். இப்படிப் பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. உலகம் தெரிந்தவர் என்ற பெயர் கிடைக்கும்; மேற்கொண்டு யோசிக்கிற சிரமமும் மிச்சம்.

ஆனால் இதை யோசித்தே தீருவதென்று உட்கார்ந்தவர்களும் உலகத்தில் உண்டு. யோசித்ததோடு நில்லாமல் எண்ணியும் பார்த்துவிட்டார்கள்.

1963ல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் சிங்கர் என்ற பேராசிரியர் யுத்தங்களைப் பற்றிய தகவல்களைத் திரட்ட ஆரம்பித்தார். அவரும் மெல்வின் ஸ்மால் என்பவரும் 1815 முதல் 1939 வரை நாடுகள் செய்துகொண்ட ராணுவ உடன்படிக்கைகளைப் பட்டியலிட்டு 1966ல் வெளியிட்டார்கள். பிற்பாடு டக்ளஸ் கிப்லர் என்பவர் அதை 1648 வரைக்கும் பின்னே கொண்டுபோய், 2009ல் இரண்டு பெரிய தொகுதிகளாக்கினார். ஹூஸ்டன் நகரத்து ரைஸ் பல்கலைக்கழகத்தில் பிரெட் ஆஷ்லி லீட்ஸ் என்ற அம்மையாரின் தலைமையில் இன்னொரு தொகுப்பு இருக்கிறது. ஒப்பந்தத்தின் பெயரைப் பார்ப்பதோடு விடாமல், உள்ளே இருக்கும் ஷரத்து ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்ப்பது இந்தத் தொகுப்பு.

வேலை என்னவோ குமாஸ்தா வேலைதான். ஒப்பந்தத்தின் மூலத்தைத் தேடி எடுக்க வேண்டும். படித்துக்கொண்டே கேள்விகளுக்குப் பதில் குறிக்க வேண்டும். தாக்கப்பட்டால் உதவுவதாகச் சொல்லியிருக்கிறதா? தாக்கப் போனாலும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறதா? சண்டையில் ஒதுங்கியிருப்பதாக மட்டும் வாக்கா? ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று மட்டுமா? நெருக்கடியில் கலந்து பேசுவோம் என்பதோடு சரியா? எந்தப் பகைவனைக் குறித்து, எத்தனை காலத்துக்கு, என்ன நிபந்தனையோடு? ரகசியமாகச் செய்துகொண்டதா? மேடையில் பிரதம மந்திரி கை தூக்கிச் சொன்னது கணக்கில் சேராது. எழுத்தில் இருப்பதே சேரும்.

இந்தக் கணக்கிலிருந்து வந்த ஒரு விடைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. 1980ல் ஆலன் சப்ராஸ்கி என்ற ஆராய்ச்சியாளர், 1816க்குப் பிந்தைய யுத்தங்களை எடுத்துக்கொண்டு, யுத்தம் வந்தபோது எத்தனை நண்பர்கள் வாக்கைக் காப்பாற்றினார்கள் என்று பார்த்தார். நூற்றுக்கு 27 என்று வந்தது. தேரடித் தெரு அபிப்பிராயத்துக்கு விஞ்ஞானமே சாட்சி சொன்ன மாதிரி ஆயிற்று. இருபது வருஷம் கழித்து, 2000ல், லீட்ஸும் அவருடைய சகாக்கள் இருவரும் 1816 முதல் 1944 வரையிலான காலத்தை மறுபடி எடுத்துக் கணக்கிட்டார்கள். நூற்றுக்கு 74.5 என்று வந்தது.

இரண்டு கணக்குகளின் காலமும் முழுக்க ஒன்றல்ல என்பது வாஸ்தவம். ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசம் காலத்தால் வரவில்லை. முன்னவர், 'நண்பன் சண்டைக்கு வந்தானா?' என்று கேட்டார். பின்னவர்கள், 'வருவதாக அவன் சொல்லியிருந்தானா?' என்று முதலில் கேட்டார்கள். மனிதர்கள் திருந்திவிடவில்லை. எழுதியிருந்ததைப் படித்தார்கள், அவ்வளவுதான்.

இத்தாலியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியோடும் ஆஸ்திரியாவோடும் அது 1882 முதல் உடன்படிக்கையில் இருந்தது. 1914ல் முதல் உலக யுத்தம் மூண்டபோது அது சண்டைக்குப் போகாமல் நின்றுவிட்டது. துரோகி என்று பெயர். ஆனால் அந்த உடன்படிக்கை தற்காப்புக்கானது. செர்பியாவின் மீது முதலில் பாய்ந்தது ஆஸ்திரியா. நண்பனோடு கலந்து பேசாமலே பாய்ந்தது. அப்படிப்பட்ட யுத்தத்துக்கு வருவதாக இத்தாலி எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே 1914ல் அது வாக்குத் தவறவில்லை. அடுத்த வருஷம், 1915 ஏப்ரலில், பழைய உடன்படிக்கை நடப்பில் இருக்கும்போதே லண்டனில் எதிர்த்தரப்போடு ரகசியமாகக் கையெழுத்திட்டு, மே மாதத்தில் ஆஸ்திரியாவின் மீதே படையெடுத்ததே, துரோகம் என்றால் அது. இரண்டையும் ஒரே வார்த்தையால் திட்டுகிறவனுக்கு, திட்டுவதில் இருக்கும் ருசி நியாயத்தில் இல்லை.

நான் கல்லூரிப் படிப்பை முழுக்க முடித்தவனல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். நம் வீடுகளில் நடப்பதுதான் எனக்கு உதாரணம். பாகப்பிரிவினைக்குப் பிறகு, "அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை" என்று இருபது வருஷம் புலம்புகிற தம்பியைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் என்னதான் சொன்னான் என்று துருவிக் கேட்டால், அவன் சொன்னது ஒன்று, இவன் கேட்டுக்கொண்டது ஒன்று. நம்முடைய ஆசையை அடுத்தவன் வாயில் போட்டுவிட்டு, பிறகு அவனை வாக்குத் தவறியவன் என்கிறோம். பழி சுமத்துமுன் பத்திரத்தைப் படி என்பது வெறும் வக்கீல் புத்தியல்ல. மனுஷ தர்மத்தின் முதல் படியே அதுதான்.

இங்கேயே நிறுத்திவிட்டால் கட்டுரை சுபமாக முடிந்துவிடும். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமல்ல. எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் இருப்பதைப் போலவே, மீற வேண்டிய அவசியமே வராதபடி எழுதத் தெரிந்தவனும் இருக்கிறான்.

1954 செப்டம்பரில் மணிலாவில் தென்கிழக்கு ஆசிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பாகிஸ்தானும் அதில் சேர்ந்தது. ஆனால் அமெரிக்கா, ஆக்கிரமிப்பு என்றால் தன் வரையில் கம்யூனிஸ்ட் ஆக்கிரமிப்பு மட்டுமே என்று ஒரு விளக்கத்தைச் சேர்த்துக்கொண்டுதான் கையெழுத்திட்டது. 1965ல் இந்தியாவோடு யுத்தம் வந்தபோது, துணை வரவில்லையே என்று பாகிஸ்தான் மனம் கசந்தது. எழுத்துப்படி பார்த்தால் அங்கே எதுவும் மீறப்படவில்லை.

நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பஞ்சசீலத்தை முகப்பில் தாங்கிய இந்திய - சீன ஒப்பந்தம் 1954 ஏப்ரல் 29ல் கையெழுத்தாயிற்று. ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்பது அந்த ஐந்தில் ஒன்று. ஒப்பந்தத்தின் ஆயுள் எட்டு வருஷம். 1962 ஜூனில் அது காலாவதியாயிற்று. அக்டோபர் 20ல் சீனப் படை வந்தது. காலத்தை மட்டும் பார்க்கிற கணக்கன், 'அப்போது ஒப்பந்தம் நடப்பில் இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். இந்த நாடு அப்படிப் போக முடிந்ததா?

1971 ஆகஸ்ட் 9ல் நாம் சோவியத் யூனியனோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், தாக்கப்பட்டாலோ அபாயம் நேர்ந்தாலோ உடனே கலந்து பேசுவோம் என்று ஒன்பதாவது ஷரத்து சொல்லியது. அணிசேராக் கொள்கைக்கு இதனால் பங்கமில்லை என்றது நம் சர்க்கார். கலந்து பேசுவதாக எழுதிக்கொடுத்தாலே அதுவும் ஒருவகை உடன்படிக்கைதான் என்கிறது தொகுப்பாளர்களின் விதி. பெயரைப் பார்த்து மயங்காத இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கிறது.

இவையெல்லாம் எங்கோ டில்லியிலும் மணிலாவிலும் நடக்கிற காரியம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கிற செங்கத்துச் சிவன் கோயில் கல்வெட்டுக்களில், மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் குறுநிலத் தலைவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடுகள் இருக்கின்றன. தகடூர் அதியமான் மரபின் விடுகாதழகிய பெருமாள் அந்தத் தலைவர்களில் ஒருவன். எண்ணூறு வருஷத்துக்கு முன்பே நம்மவர்கள் வாக்கைக் கல்லில் வெட்டிக் கோயில் சுவரில் வைத்தார்கள். சோழச் சக்கரவர்த்தியின் பிடி தளர்ந்து வந்த காலம் அது. மேலே இருப்பவன் காப்பான் என்ற நம்பிக்கை குறையும்போதுதான் பக்கத்தில் இருப்பவனிடம் எழுதி வாங்கத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு இந்த ஊரைத் தலைநகராகக் கொண்டிருந்தவன் ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன். அவனுடைய முடிவை இபின் பதூதா எழுதியிருக்கிறார். 1342ல், சமயபுரத்தை அடுத்த கண்ணனூர்க் கொப்பத்தில், மதுரை சுல்தானின் கோட்டையை வல்லாளன் முற்றுகையிட்டிருந்தான். உள்ளே உணவு தீர்ந்து வந்தது. சரண் அடைவதென்றால் எங்கள் சுல்தானைக் கேட்க வேண்டும் என்றார்கள். கிழவன் பதினான்கு நாள் தவணை கொடுத்தான். ஆள் மதுரைக்குப் போயிற்று. பதிலுக்குப் படை வந்தது. முற்றுகையிட்டவர்கள் அயர்ந்திருந்த மத்தியான வேளையில் சுல்தான் கியாசுத்தீன் தம்கானியின் குதிரைகள் பாய்ந்தன. எண்பது வயதுக்காரன் பிடிபட்டான். விடுதலை செய்வதாகச் சொல்லி, செல்வத்தையும் யானைகளையும் குதிரைகளையும் வாங்கிக்கொண்டு, பிறகு அவனைக் கொன்றார்கள். தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள். இதை எழுதிய பதூதா அந்தச் சுல்தானுக்குச் சகலை. பகைவனின் அவதூறு என்று தள்ள முடியாது.

இதைக் கட்டம் போட்ட தாளில் எப்படிக் குறிப்பது? தவணைப் பேச்சு கோட்டைக்காரர்களுக்கும் வல்லாளனுக்கும் நடந்தது. படையோடு வந்த சுல்தான் அந்தப் பேச்சில் ஒரு தரப்பே அல்லன். ஆகவே முதல் கட்டத்தில், வாக்கு மீறப்பட்டதா என்பது வாதத்துக்குரியது. விடுதலை செய்வதாகச் சொல்லிப் பொருளை வாங்கிக்கொண்டு கொன்றது மட்டும் வாதத்துக்கே இடமில்லாத துரோகம். இப்படிப் பிரித்துப் பார்ப்பதால் கொலையின் கொடுமை குறைவதில்லை. எதைத் துரோகம் என்கிறோம் என்பது நமக்குத் தெளிவாகிறது.

ஆனாலும் பதினான்கு நாள் தவணை கொடுத்த அந்த மனசுக்கு எந்தக் கட்டமும் இல்லை. அவன் காகிதத்தைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தான். வலுவான வாக்குகள் பல சண்டையையே வரவிடாமல் தடுத்திருக்கும். சண்டை வராததால் யுத்தக் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. சோதனைக்கு வந்து நிற்பது பெரும்பாலும் பகைவனே சந்தேகப்பட்ட வாக்குத்தான். இதைத் தொகுப்பாளர்களும் அறிவார்கள்.

பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையானார் என்பது எங்கள் ஊர் ஐதீகம். அதனால் வருஷந்தோறும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் புறப்பட்டுப் போய், மகனாக இருந்து அவனுக்குத் திதி கொடுக்கிறார். ஐதீகத்தை நம்பாதவனும் இதைக் கவனிக்கலாம். யாரும் எழுதி வாங்காத ஒரு கடனை ஓர் ஊரே தன் கடனாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆகவே என் தீர்மானம் இதுதான். அடுத்தவன் கொடுத்த வாக்கை அளக்கும்போது நாம் எழுத்தைப் பார்க்க வேண்டும்; அவன் சொல்லாததற்கு அவனைக் குற்றவாளியாக்கக் கூடாது. நாம் கொடுத்த வாக்கை அளக்கும்போது, நம்மை நம்பியவன் அதில் எதைக் கேட்டுக்கொண்டான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உலகத்தில் இது நேர்மாறாக நடக்கிறது. நமக்கு எழுத்து, அடுத்தவனுக்கு மனசாட்சி என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். ராஜாங்கங்களும் நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.