தாய்ப்பாலும் தந்தையின் கடமையும்



பிள்ளை பிறந்த சேதி வந்ததும் கடையில் மிட்டாய் வழங்குகிறோம். ஏழாம் நாள் அகீகாவுக்கு ஆடு பார்க்கிறோம். ஆனால், அந்த ஏழு நாளும் உள்ளறையில் தாயும் சேயும் படும் பாட்டை, 'அது பெண்கள் காரியம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். திருமறை அவ்வாறு ஒதுக்கவில்லை. அல்பகரா அத்தியாயம் 233-ஆம் வசனம், பாலூட்டலை நிறைவாக்க விரும்புவோருக்கு இரண்டு ஆண்டு என்று கூறி, அந்தத் தாய்க்கு ஊணும் உடையும் தருவதைத் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பிள்ளையின் பொருட்டுத் தாய் வருத்தப்படலாகாது என்றும் கூறுகிறது. அல்லாஹ் பேசிய விசயத்தில் நமக்கென்ன வெட்கம்?

பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பால் கொடுக்கத் தொடங்குவது நலம். முதலில் ஊறும் சீம்பால் கொஞ்சமாகத்தான் இருக்கும். பச்சைப்பிள்ளையின் வயிறும் சிறிதுதானே! இரண்டு முதல் நான்கு நாளில் பால் பெருகும். அதற்குள் 'பால் இல்லை' என்று பெரியவர்கள் சீனித்தண்ணீரும் தேனும் ஊட்ட முற்பட்டால், தந்தை பணிவோடு தடுக்க வேண்டும். ஓராண்டு நிறையுமுன் தேன் ஆகாது.

வியாபாரிகளுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? சரக்கு விற்க விற்கத்தான் புதுச் சரக்கு வரும். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பாலும் ஊறும். இரவு பகலாக எட்டு முதல் பன்னிரண்டு தடவை கொடுக்க வேண்டும். இடையில் புட்டிப்பால் புகுந்தால் ஊறுவது குறையும்.

காம்பு வெடித்து வலித்தால், பெரும்பாலும் பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறது என்று பொருள். வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றிய கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். தாடை மார்பில் படிய வேண்டும். பால் கட்டிக்கொண்டால் அடிக்கடி கொடுப்பதே மருந்து. கொடுத்தபின் குளிர்ந்த துணி ஒற்றலாம். மார்பு சிவந்து காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் செல்லுங்கள். பாலை நிறுத்த வேண்டாம்.

பால் போதுமா என்பதற்கும் கணக்குண்டு. ஐந்தாம் நாளுக்குப் பின் தினம் ஆறு தடவையாவது துணி நனைய வேண்டும். இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்ப வேண்டும். இல்லையேல் கிளினிக் தாதியிடம் காட்டத் தாமதம் கூடாது.

1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். சீனி சேர்த்த கெட்டிப்பாலைக் கைக்குழந்தைக்கு உகந்ததென்று விற்றதை வன்மையாகக் கண்டித்தார். அந்தப் பால் டின் இன்றும் நம் அலமாரியில் இருக்கிறது. தேநீருக்கு ஆகும், பச்சைப்பிள்ளைக்கு ஆகாது. கேட்டு வருபவரிடம் அதைச் சொல்லிவிடுவது வியாபாரியின் அமானிதம். ஒரு டின் லாபம் போனால் போகட்டும்.

எவ்வளவு முயன்றும் பால் போதாத தாயை எவரும் பழிக்கலாகாது. வேறொரு பெண்ணைக் கொண்டு பாலூட்டவும் அதே வசனம் அனுமதித்திருக்கிறது. டாக்டர் சொல்லும் குழந்தைப்பால் கொடுப்பதில் குற்றமில்லை.

ஆதலால், சகோதரர்களே! கடையை ஒரு மணி நேரம் முன்னதாக அடைத்து வீடு செல்லுங்கள். சூடான ஆகாரம் கொடுங்கள். இரவில் பிள்ளையைச் சற்று ஏந்துங்கள். நம்மிடம் வேலை பார்ப்பவருக்குப் பிள்ளை பிறந்தால் முகங்கோணாமல் விடுப்புக் கொடுங்கள். 2023 முதல் மலேசியச் சட்டம் தாய்க்கு 98 நாளும் தந்தைக்கு 7 நாளும் அளித்திருக்கிறது. சட்டத்துக்கு அஞ்சிக் கொடுப்பதைவிட அல்லாஹ்வுக்கு அஞ்சிக் கொடுப்பது மேல்.

நம் இல்லங்களில் தாயையும் சேயையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.