நீந்திக் கொடுக்கும் தருமம்

தைப்பூசம் நெருங்கினால் பழனிச் சாலைகளில் இரவிலும் நடமாட்டம் ஓயாது. செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடியோடு நடந்து வருவார்கள். பூசம் முடிந்து ஊர் திரும்புவதும் நடந்தேதான். வழிநெடுக மோரும் சோறும் வைத்துக்கொண்டு ஆட்கள் காத்திருப்பார்கள். நடப்பவர் உடம்பை வருத்துகிறார், ஓரத்தில் நிற்பவர் கொடுக்கிறார். இத்தனை மைல் நடந்தால் இத்தனை கை சோறு என்று யாரும் கணக்கு வைப்பதில்லை.

அந்தப் பழனியை ஒட்டிய மலைத்தொடரின் மேலே, கொடைக்கானல் ஏரியில், சில நூறு பேர் ஒன்றாக இறங்கி நீந்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆள் தெரிந்தவர்களிடம் திரட்டிய பணம் ஒரு மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ போகும். மேல்நாட்டில் இது பழகிப்போன ஏற்பாடு. இங்கிலாந்தின் வின்டர்மியர் ஏரியில் 2008-இல் தொடங்கிய ‘கிரேட் நார்த் ஸ்விம்’ ஆயிரக்கணக்கானவர்களைத் தண்ணீரில் இறக்கியிருக்கிறது. இவ்வகை நிகழ்ச்சிகளில் நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் நடத்தும் செலவுக்கே சரியாகிவிடும். தருமத்துக்குப் போவது நீந்துபவர் தனியே கேட்டு வாங்கும் பணம்தான். இங்கே அப்படி ஒன்றை நடத்துவது சரியா?

பணத்தை நேரே கொடுத்துவிட்டுப் போகலாமே, எதற்கு நனைய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு அவ்வளவு வலு இல்லை. பிறருக்காகக் கேட்டாலும் கை நீட்டுவது கூச்சமான காரியம். தன் உடம்பையும் ஒரு பங்காக வைக்கும்போது அந்தக் கூச்சம் குறைகிறது. 2022 மார்ச்சில் ஆட்டிசம் உள்ள ஜியா ராய் என்ற மும்பைச் சிறுமி தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனைவரை 13 மணி நேரத்துக்கு மேல் நீந்தி வந்தபோது, ஆட்டிசம் என்ற சொல்லையே கேட்டிராத பலர் அதைப் பற்றி விசாரித்தார்கள். எந்தத் துண்டுப் பிரசுரமும் அந்த வேலையைச் செய்திருக்காது. நீந்துபவருக்குக் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொள்ளும்தான். காவடி எடுப்பவர் கழுத்திலும் மாலை விழுகிறது. அதை யாரும் குற்றம் சொல்வதில்லை.

சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. பாதயாத்திரை போகிற சாலை எல்லாருக்கும் பொது. ஏரியும் பொதுதான், ஆனால் அதை நம்பிப் பிழைப்பவர்கள் அதன் கரையிலேயே இருக்கிறார்கள். மதுரை கலெக்டராக இருந்த வேர் லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளை மறித்து உண்டாக்கிய நீர் அது. ஏறக்குறைய 60 ஏக்கர், நட்சத்திர வடிவம். சுற்றிவர ஐந்து கிலோமீட்டர். படகு விடுபவர், குதிரைக்காரர், வாடகை சைக்கிள் வைத்திருப்பவர், சோளக்கதிர் சுடுபவர் என்று அந்த ஐந்து கிலோமீட்டரில் உலை வைக்கும் குடும்பங்கள் ஏராளம். நீச்சலுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரியையும் கரைச்சாலையையும் மூடினால், அன்றைய கூலியை இழக்கும் குதிரைக்காரர் அந்தத் தருமத்துக்குப் பெரிய பங்கு கொடுத்தவராகிவிடுகிறார். அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நன்கொடையாளர் பலகையில் அவர் பெயர் வராது. பிறர் கையிலிருந்து எடுத்துக் கொடுப்பதைத் தருமம் என்று சொல்லத் தமிழில் வழக்கமில்லை.

இன்னொன்று, ஏரியின் அடியில் கிடப்பது. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களில் இந்த மலையில் இயங்கத் தொடங்கியது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடந்ததை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் 2001-இல் வெளிக்கொண்டுவந்தார்கள், ஆலை மூடப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து வெளியான ஆய்வு ஒன்று, ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைக் காட்டியது. அந்த ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்காக நிறுவனத்தோடு உடன்பாடு 2016-இல்தான் ஏற்பட்டது. ஒருநாள் நீந்தினால் பாதரசம் உடம்பில் ஏறிவிடும் என்று பயமுறுத்துவது நேர்மையாகாது. அது பெரும்பாலும் வண்டலில் தங்கி மீன் வழியாக மனிதரை அடைகிற நஞ்சு. ஆனாலும் அந்தத் தொழிலாளர்கள் வாழும் ஊரில், அந்த ஏரியையே நல்லெண்ணத்தின் மேடையாக்கி, அதில் என்ன கலந்தது என்று ஒரு வார்த்தை பேசாமல் பதக்கம் மாட்டிக்கொண்டு போவது கண்ணியமான செயல் அல்ல.

குளிரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிணற்றிலும் கம்மாயிலும் நீந்திப் பழகியவருக்கு 2,100 மீட்டர் உயரத்துத் தண்ணீர் வேறு ரகம். இறங்கிய முதல் நிமிடங்களிலேயே மூச்சு தாறுமாறாகும். காற்றிலும் ஆக்சிஜன் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒருவர் மூழ்கினால் தேடி இறங்கப்போவது தீயணைப்புத் துறையினர். தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமை உண்டு. அவர்கள் உயிரையும் சேர்த்து வைக்க இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மறுதரப்பில் ஒரு வலுவான நியாயம் மிச்சமிருக்கிறது. படகில் போகிறவருக்குத் தண்ணீர் ஒரு காட்சி. நீந்துகிறவருக்கோ அது வாய்க்குள் போகிறது. வின்டர்மியரில் கழிவுநீர் விடப்படுவதை எதிர்த்து இன்று குரல் கொடுப்பவர்களில் நீச்சல்காரர்களும் இருக்கிறார்கள். 2010-இல் அதே ஏரியில் நீலப்பச்சைப் பாசி பரவியபோது அமைப்பாளர்கள் நீச்சலையே ரத்து செய்தார்கள். எத்தனை ஆயிரம் பேர் பெயர் கொடுத்திருந்தாலும் தண்ணீரின் நிலைதான் முடிவு செய்தது. கொடைக்கானல் ஏரியைப் பற்றி அப்படிக் கவலைப்பட நானூறு பேர் வருவார்கள் என்றால் அது சின்ன லாபம் அல்ல.

ஆனால் வரிசை மாறக் கூடாது. இன்றைய நிலையில் அந்த ஏரியில் கூட்ட நீச்சல் வேண்டாம். நடத்தியே தீர வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால், திரட்டும் முதல் ரூபாய் நீரையும் வண்டலையும் சோதிக்கப் போகட்டும். முடிவைப் படகுத்துறையில் தமிழில் எழுதி மாட்டுங்கள். தேதி குறிக்கும் கூட்டத்துக்குக் குதிரைக்காரரையும் கூப்பிடுங்கள்.